படத்தில் இல்லாத மூட்டம்

"கார்த்திகைக் கூட்டத்துல பாதி நட்சத்திரத்த நானே அழிச்சிட்டேன்" என்றார் முன் இருக்கைக்காரர். கோரிமேடு வழியாகப் போகும் பேருந்து. என் மகன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர்லதான?" என்றார் அவர் மனைவி.

"ஆமா. ராத்திரி வானத்த எடுத்த நாப்பது போட்டோவ அடுக்கி ஒரே படமாக்கினேன். சாம்பலா மூட்டம் தெரிஞ்சுது. அது போறவரைக்கும் வானத்த கருப்பாக்கினேன். மங்கல் நட்சத்திரமெல்லாம் கூடவே போயிடுச்சி."

"திரும்ப அடுக்கறதுதான?"

"மூணு தடவ அடுக்கிட்டேன். அப்பவும் மூட்டம். பாப்பா பாத்துட்டு, பளிச்னு இருக்குதேப்பான்றா."

மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"இத கண் டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க."

"சொன்னா ஸ்கூல் வேன் ஓட்ட உடுவாங்களா? எனக்கு வேற என்ன தெரியும்?"

"சொல்லாம நாளைக்கு புள்ளைங்கள ஏத்துவீங்களா?"

"புள்ளைங்க என்ன நட்சத்திரமா, தெரியாம போறதுக்கு."

மனைவி சிரிக்கவில்லை. எந்தப் பள்ளி என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மனைவி எழுந்தார். "நீ போய் வரிசைல நில்லு, வர்றேன்" என்றார் கணவர். மனைவி இறங்கி நின்று, ஜன்னல் வழியே அவரையே பார்த்தார். நடத்துனர் விசில் கொடுத்தார். கணவர் எழுந்திருக்கவில்லை.