மீனுக்குப் பேன் பார்க்கப் போகிறவர்கள்

சேலத்தில் கிளம்பிய சிதம்பரம் பஸ் அயோத்தியாப்பட்டணம் தாண்டியபோது, முன் சீட்டிலிருந்த பெண் தன் அம்மாவிடம் சொன்னாள்: “மீனு யாருக்குங்கம்மா வேணும்? அதுமேல இருந்த பேனுதானுங்க எனக்கு வேணும்.”

நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

“மீனுக்கு ஏது அம்மிணி பேனு?”

“கொள்ளிடம் கடல்ல சேர்ற எடத்துல, மீன் தோலுல ஒட்டிக்கிட்டு ரத்தம் உறிஞ்சுமுங்க. எந்த மீன்ல எத்தனைன்னு எண்ணறதுதான் என்ற படிப்பு. அதுக்குத்தான் ஒவ்வொண்ணையும் தனித்தனிக் கவருல போட்டு ஃபிரிட்ஜுல வெச்சேன்.”

“ஊட்டுக்கு நீ வாங்கியாந்தேன்னு நெனச்சேன் சாமி. மேல ஏதோ ஒட்டீட்டு இருந்துச்சு. கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்.”

“கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சுங்க.”

அம்மா மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“இப்ப என்ன பண்ணுவே?”

“மறுபடி புடிச்சு, மறுபடி எண்ணுவேன். மழை பேஞ்சு ஆத்துல வெள்ளம் வந்துட்டா உப்புத்தண்ணி போயிரும், பேனும் போயிரும். இந்த வாரத்துக்குள்ள முடிக்கோணும். நீங்க ஆத்தூர்ல எறங்கித் திரும்பி ஊட்டுக்குப் போங்க.”

“எறங்க மாட்டேன். கெடுத்தது நானு, எண்ணறதுக்கும் நானே வாரேன்.” அம்மா பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். “உன்ற தலையில ஒரு ஈரு விடாம எடுத்தவ நானு. மீனு உன்னாட்ட அழுதுட்டு எந்திரிச்சா ஓடப்போவுது?”