இனி இல்லாத குற்றம்

– அந்தப் பிரிவே இப்ப இல்ல சிஸ்டர். அதத்தான் அரை மணி நேரமா சொல்லிட்டிருக்கேன். புதுச் சட்டப் புத்தகத்த அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் பொரட்டியாச்சு. கொலை இருக்கு, திருட்டு இருக்கு, கள்ளக் கையெழுத்து இருக்கு. முன்னூத்திப் பதினொண்ணு மட்டும் இல்ல.

– பழைய புத்தகத்துல இருக்கே சார்.

– பழைய புத்தகம் போன ஒண்ணாம் தேதியோட செத்துப்போச்சு. முப்பது வருஷம் அத வச்சுத்தான் வயித்தக் கழுவினேன். தூக்கத்துல தட்டி எழுப்பி எந்தக் குத்தத்தச் சொன்னாலும் நம்பரச் சொல்லுவேன். இப்ப பாருங்க, ஒண்ணாங்கிளாஸ் புள்ள வாய்ப்பாடு எழுதின மாதிரி செவுரு பூரா ஒட்டி வச்சிருக்கேன். இடது பக்கம் பழைய நம்பர், வலது பக்கம் புது நம்பர்.

– முன்னூத்திப் பதினொண்ணுக்கு எதிர்ல கோடு போட்டிருக்கீங்க.

– கோடுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். “படுக்கையில் இருக்கும் இயலாதவரைக் கவனிப்பாளர் விட்டுச் செல்லுதல்.” அந்தக் காலத்துல வேலைக்காரங்க ஓடிப்போகக் கூடாதுன்னு போட்டது. இனிமே அது நஷ்ட ஈடு கேக்கற விஷயம், ஜெயிலுக்கு அனுப்பற விஷயம் இல்லன்னு தூக்கிட்டாங்க. பிரிவு போனதும் உங்க கேஸும் தானா விழுந்துடுது. பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க, ஜட்ஜ் ஒரு வரி எழுதுவாரு, நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போலாம். ஆறு வருஷம், நாப்பத்தேழு வாய்தா. ஒரு வரில முடிஞ்சுது.

– அக்கா, காதுல விழுதா? முடிஞ்சுதுங்கறாரு. நான் உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டப்ப என் பொண்ணு தவழ்ந்துட்டிருந்தா. இப்ப ரெண்டாங்கிளாஸ்.

– கேட்டுட்டுதாண்டா இருக்கேன். சார், அந்த ஒரு வரில என்ன எழுதுவாங்க?

– “பிரிவு நீக்கப்பட்டதால் வழக்கு முடித்து வைக்கப்படுகிறது.”

– நான் செஞ்சேனா இல்லையான்னு அதுல வராதா?

– வராது. அது இனிமே யாருக்கு வேணும்?

– எனக்கு வேணும் சார்.

– சிஸ்டர், நான் சொல்றத முழுசாக் கேளுங்க. கட்சிக்காரங்க இந்த ரூம்ல அழுது பாத்திருக்கேன், மயக்கம் போட்டு விழுந்து பாத்திருக்கேன். கேஸ் இல்லன்னு சொன்னா மொகம் சுண்டிப்போற ஆள இப்பத்தான் பாக்கறேன்.

– அந்தப் புதுப் புத்தகத்தோட கடைசிப் பக்கங்கள நான் படிச்சேன் சார். பழைய கேஸுங்கள என்ன பண்றதுன்னு தனியா ஒரு பகுதி இருக்கே, அத.

– எங்க கெடச்சுது?

– லாண்டரில சாப்பாட்டு நேரத்துல போன்ல படிச்சேன். நீக்கின பிரிவுல கேஸ் இருக்கறவங்க எழுதிக் குடுத்துக் கேட்டா, விசாரணைய நடத்தி முடிச்சுத் தீர்ப்பு சொல்லணும்னு போட்டிருக்கு. மூணு தடவ படிச்சுப் பாத்தேன்.

– அத எவன் அதுல நுழைச்சான்னு நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். பெரிய மனுஷன் யாராவது, எனக்குக் களங்கம் இல்லன்னு தீர்ப்புல வந்தே ஆகணும்னு நின்னா, அதுக்காகத் தொறந்து வச்ச கதவு அது. இந்தக் கோர்ட்ல இதுவரைக்கும் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகல.

– நான் போறேன் சார்.

– போனா என்ன ஆகும் தெரியுமா? செத்துப்போன சட்டம் உங்க ஒருத்தருக்காக மட்டும் எழுந்து உக்காரும். தோத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள. நாட்டுல வேற யாரு செஞ்சாலும் இனிமே குத்தமில்ல, நீங்க மட்டும் அதுக்காகக் களி திங்கணும்.

– அக்கா, பஸ்ஸு டிப்போவுக்குள்ள போய் நின்னாச்சு. இப்பப் போய் ரிவர்ஸ் எடுக்கச் சொல்றியே. லைசென்ஸுக்காகத்தானே? சார், கேஸ் மூடினா இவளுக்கு நர்ஸ் லைசென்ஸ் திரும்பக் கெடைக்குமா, கெடைக்காதா?

– கெடைக்கும் டிரைவர் தம்பி. ஆர்டர் நகல இணைச்சு கவுன்சிலுக்கு எழுதிப் போட்டா மூணு மாசத்துல குடுத்துடுவாங்க. அது என் பொறுப்பு.

– பாத்தியா? இனிமே அழுக்குப் போர்வை எண்ண வேண்டாம். வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வார்டுக்குள்ள நடக்கலாம். அவ்வளவுதானே நீ கேட்டது.

– நான் அதக் கேக்கலடா.

– பின்ன எதத்தான் கேக்கற?

– தம்பி, சத்தம் வேண்டாம், பக்கத்து ரூம்லயும் வக்கீல்தான் இருக்காரு, உன்னயும் கட்சிக்காரனாக்கிடுவாரு. சிஸ்டர், உக்காருங்க. ஃபைலப் பிரிச்சு வச்சுப் பேசுவோம். ஜெயிப்போம்னு நெனச்சுத்தானே கேக்கறீங்க, எவ்வளவு ஜெயிப்போம்னு பாருங்க. பெரியவருக்குப் பக்கவாதம், தொண்டைல குழாய். சளி அடைச்சா மெஷின் வச்சு உறிஞ்சணும். மூணு வருஷம் நீங்கதான் பாத்தீங்க. சரியா?

– மூணு வருஷம் ரெண்டு மாசம்.

– அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரில உங்களுக்கு நேர்காணல். நிரந்தர வேலை. போயிட்டு மூணரைக்குத் திரும்பி வந்தீங்க. அதுக்குள்ள குழாய் அடைச்சு மூச்சு நின்னுபோச்சு. வீட்டுல இருந்தது மகன் மட்டும். பெரியவரோட சம்சாரம், அந்த அம்மா, கண் டாக்டர்கிட்ட போயிருந்தாங்க.

– ஆமா.

– கோர்ட்டுக்கு நீங்க எழுதிக் குடுத்தது என்ன? “மகன்கிட்டச் சொன்னேன், நான் அப்பாவப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்கன்னு அவர்தான் அனுப்பி வச்சாரு.” மகன் சொல்றது என்ன? “எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல.” பாத்தவங்க கெடையாது, கேட்டவங்க கெடையாது. உங்க வாய், அவர் வாய். இதுல ஜட்ஜ் எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயலாம்.

– அந்த அம்மா நம்ம பக்கம்தானே சார்.

– ஆமா தம்பி, நமக்கு இருக்கற ஒரே பலம் அதுதான். புருஷனப் பறிகொடுத்த பொம்பளை, வாய்தாவுக்கு வாய்தா சிஸ்டர் பக்கத்துல வந்து உக்காருது. கூண்டுல ஏறி என்ன சொல்லிச்சு? “என் வீட்டுக்காரர் உடம்புல ஒரு படுக்கைப் புண் வராம வச்சிருந்தவ இவ. இவ வாயில பொய் வராது. என் மகன்தான் பொறுப்பில்லாதவன்.” அன்னைக்கு அரசு வக்கீலே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

– எனக்குக்கூட அந்தம்மா ஃப்ளாஸ்க்லேர்ந்து டீ ஊத்திக் குடுக்கும். உன் அக்கா மாதிரி ஒருத்தி எனக்குப் பொண்ணா பொறந்திருக்கலாம்னு சொல்லும்.

– போன வாய்தாவுக்கு அந்த அம்மாவோட மகன் வந்திருந்தாரே, பாத்தியாடா?

– அவன் எப்பவும் அந்தக் கடைசித் தூண்கிட்டதானே நிப்பான். நான் எதுக்கு அவனப் பாக்கறேன்?

– தலை முழுசா நரைச்சுப்போச்சு. நாப்பது கூட ஆகல.

– நரைக்கட்டும். உன்னக் கோர்ட்டுக்கு இழுத்தவன் அவன்தானே.

– அவங்க அம்மா அவர்கிட்ட பேசறதில்ல. ஆறு வருஷமா. வேலை பாக்கற பட்டறைக்குப் பின்னாடி ஒரு ரூம்ல தனியாப் படுத்துக்கறாரு. அந்த அம்மாவுக்குக் கண் ரெண்டும் மங்கிட்டே வருது, போன வாய்தாவுல என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் படியிறங்கினாங்க. அவர் நாலு படி பின்னாடியே வந்தாரு, தொடல.

– சிஸ்டர், அது அவங்க குடும்ப விவகாரம்.

– “தீர்ப்பு வரட்டும், அதுல என்ன இருக்கோ அதப் பாத்துட்டு அவன்கிட்டப் பேசறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்”னு அந்த அம்மா எங்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒரு தடவ இல்ல, பல தடவ. இப்ப தீர்ப்பே கெடையாதுன்னா?

– பேசாமலே இருப்பாங்க. ஊர்ல எத்தனையோ வீட்ல தாயும் புள்ளயும் பேசறதில்ல. அதுக்கு நீங்க ஜெயிலுக்குப் போக முடியுமா? அவ்வளவு மனசு கேக்கலன்னா அவங்க வீட்டுக்குப் போய், உங்க புள்ளய மன்னிச்சு விட்ருங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.

– நான் வாயால எது சொன்னாலும், பாவம், நல்ல மனசு, அதான் அவனுக்காகப் பேசறான்னு எடுத்துப்பாங்க சார். சொல்லிப் பாத்தாச்சு. கோர்ட்ல சொன்னத கோர்ட்லதான் முடிக்கணும்.

– தம்பி, உங்க அக்கா சின்ன வயசுலயே இப்படித்தானா?

– இன்னும் மோசம் சார். ஸ்கூல்ல ஒரு தடவ மார்க்க அதிகமாப் போட்டுட்டாங்கன்னு போய்க் குறைச்சுட்டு வந்தா. வீட்ல அடி எனக்கு விழுந்துது, பாத்துக் கத்துக்கோடான்னு. அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன். நீ உள்ள போயிட்டா அம்மாவ யாரு பாப்பா?

– உன் வீட்டு முன் ரூம்ல வச்சுக்கோ. உன் பொண்டாட்டிகிட்டப் பேசிட்டேன், சரின்னுட்டா. மாத்திரை எல்லாம் கிழமை போட்டுப் பிரிச்சு வச்சிருக்கேன். பச்சை மூடி சர்க்கரைக்கு, வெள்ளை மூடி ரத்த அழுத்தத்துக்கு. காலுக்குத் தைலம் பீரோ மேல் தட்டுல. லாண்டரிலயும் நேத்தே சொல்லிட்டேன், வேற ஆள் பாத்துக்கங்கன்னு.

– எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

– கேட்டா நீ விட்டிருப்பியா?

– விட்டிருக்க மாட்டேன்.

– அதான் கேக்கல.

– அக்கா, ஜெயிச்சு வீட்டுக்கு வரப்போறவ எதுக்கு மாத்திரை பிரிச்சு வைக்கணும்?

– ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு சார் இப்பத்தானே சொன்னாரு.

– மணி பத்தே கால். சிஸ்டர், கடைசியாக் கேக்கறேன். உங்க வக்கீலாக் கேக்கல, ஆறு வருஷம் பழகின மனுஷனாக் கேக்கறேன். கதவு தொறந்திருக்கு, வெளிய போங்கன்னு சட்டமே சொல்லுது. வேண்டாம்னு உள்ள உக்காந்துக்கப் போறீங்களா?

– ஆமா சார்.

– யோசிச்சாச்சா?

– ஆறு வருஷமா.

– சரி. ஒரு வெள்ளத்தாள எடு தம்பி, அந்த டிராயர்ல இருக்கு. மொறச்சுப் பாக்காத, எனக்கும் இஷ்டமில்ல. ஆனா கேக்கறது அவங்க உரிமை, சட்டத்துல இருக்கு. எழுதறேன், கேளுங்க. “மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு. மேற்படி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நான், நான் குற்றமற்றவள் என்பதை நிரூபிக்கும் பொருட்டு, விசாரணையைத் தொடர்ந்து நடத்தி…”

– நடுவுல ஒரு வரி வேண்டாம் சார்.

– எது?

– குற்றமற்றவள்ங்கறது.

– அது இல்லாம மனுவுக்கு உப்பே இல்ல. எதுக்காகக் கேக்கறீங்கன்னு காரணம் காட்ட வேண்டாமா?

– காரணம் காட்டணும்னு சட்டத்துல இல்ல. “விசாரணையைத் தொடர்ந்து நடத்தித் தீர்ப்பு வழங்க வேண்டும்.” அது போதும்.

– நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். சரி, அந்த வரிய அடிச்சாச்சு. இங்க கையெழுத்து, இங்க தேதி. தம்பி, நீ சாட்சிக் கையெழுத்து.

– கை வரமாட்டேங்குது சார்.

– போடுடா. நான் பத்திரமாத்தான் இருப்பேன்.

– நல்லா இருந்தா சரி. இந்தாங்க சார்.

– ஆச்சு. இப்ப நான் சொல்றத முழுசாக் கேளுங்க. மனுவக் குடுத்ததும் ஜட்ஜ் இன்னைக்கே உங்கள விசாரிக்கலாம். சாட்சிங்க எல்லாம் ஏற்கெனவே முடிஞ்சாச்சு, உங்க வாக்குமூலம்தான் பாக்கி. அந்த அம்மாவும் வந்திருக்காங்க, மகனும் வந்திருக்காரு, கீழ பாத்தேன். அதனால ஒரு தடவ ஒத்திகை பாத்துடுவோம். பதட்டப்படாம, கேட்டதுக்கு மட்டும் பதில். நான்தான் ஜட்ஜ். எழுந்து நில்லுங்க.

– நிக்கறேன் சார்.

– “அன்னைக்கு நேர்காணலுக்குப் போனது உண்மையா?”

– உண்மை.

– “பெரியவரத் தனியா விட்டா ஆபத்துன்னு தெரியுமா?”

– தெரியும்.

– குரல் கொஞ்சம் சத்தமா. பின் வரிசைல இருக்கறவங்களுக்கும் கேக்கணும்.

– கேக்கற மாதிரி சொல்றேன் சார். அவங்களுக்குத்தான் கேக்கணும்.

– நல்லது. இப்பத்தான் முக்கியமான கேள்வி. இதுலதான் கேஸ் நிக்குது, தடுமாறக் கூடாது. “கிளம்பும்போது மகன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

– ஒண்ணும் சொல்லல சார். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பக்கத்து ரூம்ல அசந்து தூங்கிட்டிருந்தாரு. எழுப்பினா போகாதீங்கன்னு சொல்லிடுவாரோன்னு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வெறுங்காலோட போனேன்.