பபூனுக்குப் பெண் உண்டா?

"கோமாளிக்கெல்லாம் எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்!"

சாணார்பட்டி பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு குரல் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான எனக்கு யாரும் பெண் தரப் போவதில்லைதான். ஆனாலும் ஆபீசில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கோமாளி'. மெல்லத் திரும்பினேன். மல்லிகைச் சரக் கூடையோடு ஓர் அம்மாள், பக்கத்தில் அவருடைய அண்ணன். நல்லவேளை, பேச்சு அந்த அம்மாளின் மகனைப் பற்றி.

"கோமாளின்னு சொல்லாதீகண்ணே. அது கூத்துல வாரவன். எம் மகன் நாடகத்துல பபூனு."

"பேரு எதுவா இருந்தா என்ன? கோணங்கித்தனம்தானே பொழப்பு?"

"ஒங்க ஊரு திருவிழாவுக்கு நாடகம் பேசப் போனீகளே, மொதல்ல என்ன கேட்டீக? ராஜபார்ட்டு யாருன்னா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பபூன் யாருன்னு கேட்டோம்."

"ஏன்?"

"அவன் சரியில்லைன்னா சனம் பாயைச் சுருட்டிட்டுப் போயிருமே!"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்தார். "எந்த பபூனும்மா? மாசித் திருவிழாவுல ராஜபார்ட்டு வந்து சேருற வரைக்கும் ஒத்தையா நின்னு கூட்டத்தைக் கட்டிப்போட்டாரே, அவரா?"

அம்மாள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"அவரேதான்! எம் மருமகப்பிள்ளை!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் கேட்காமலே நானும் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டேன்.

அம்மாள் கூடையிலிருந்து ஒரு முழம் பூவைக் கிள்ளி அண்ணன் கையில் வைத்தார்.

"பொண்ணு தலையில வச்சு விடுங்கண்ணே. எங்க வீட்டுப் பூவுன்னு சொல்லுங்க."