கரி பஸ்ஸின் பின்பலகையில் இருந்தவர்கள்

தூத்துக்குடி சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், 1945-ம் வருஷம் ஜனவரி மாதம் 22-ந் தேதி, குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொல்லக் கேட்டு எழுதியது. எதிரியானதால் சத்தியப் பிரமாணம் செய்விக்கப்படவில்லை.

பெயர்: மந்திரமூர்த்தி. தகப்பனார் பெயர்: சுடலைமாடன். வயது: 36. மதம்: இந்து. தொழில்: கருப்பட்டி வியாபாரம். விலாசம்: கீழத்தெரு, வேம்பார்.

நான் மேலே கண்ட விலாசத்தில் குடியிருக்கிறேன். இறந்துபோன செல்லக்கனி என் மனைவி. எங்களுக்குச் சண்முகத்தாய் என்று எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். என் மனைவி செய்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தில் விஷம் சேர்ந்திருந்ததாகவும், அதைத் தின்றதால் அவளும் ஞானபாய் என்ற பெண்ணும் பஸ்ஸில் இறந்ததாகவும், அதற்குக் கருப்பட்டி கொடுத்தவன் நான் என்பதாகவும் என்மேல் வழக்கு. நான் குற்றம் செய்யவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு முன்பு நான்கு பஸ்கள் ஓடின. யுத்தம் வந்த பிறகு மூன்றைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஒன்றுக்கும் பெட்ரோல் கிடையாது, கரி போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவானது. அதற்காகப் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயை மாட்டினார்கள். அதற்குள் அடுப்புக்கரி வெந்து, அந்தப் புகை குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். பீப்பாய்க்கும் பஸ்ஸின் கடைசிப் பலகைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் உண்டு. தகரம் ஓரத்தில் விலகியிருந்தது. அங்கே உட்கார்ந்தால் புகையில் தலை வலிக்கும் என்பதால் அந்தப் பலகையில் மூட்டைகளைத்தான் போடுவார்கள். ஆட்கள் முன்னால் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

சென்ற புரட்டாசியில் வண்டியைச் சோதிப்பதற்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கள் ஊருக்கு வந்தார். அப்போது கடற்கரைத் தெருவின் கிறிஸ்தவ வேதக்காரர்களும் எங்கள் தெரு ஆட்களும் சேர்ந்துபோய், பின்னால் புகை வருகிறது, தகரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்று கேட்டோம். அவர் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "வண்டி ஓடுதா இல்லையா? ஓடுது. யுத்த காலத்துல வண்டி இருக்கதே பெரிசு. புகை ஆகாதவன் நடந்து போகலாம்" என்றார். அதன் பிறகு வண்டி நல்ல நிலையில் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு நவம்பர் மாதம் 27-ந் தேதி, கார்த்திகைச் சோமவாரம், என் மனைவியின் தம்பி வன்னியபெருமாளின் கலியாணத்துக்காக நானும் என் மனைவியும் அந்தப் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். மகளுக்குக் காய்ச்சலாக இருந்ததால் அவளை என் தமக்கை வீட்டில் விட்டிருந்தோம். கலியாண வீட்டுக்கென்று என் மனைவி முந்தின நாள் முழுவதும் அடுப்படியில் இருந்து முந்திரிக்கொத்து சுட்டு, ஓர் ஓலைப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டாள். பெண்களுக்கான முன்பலகையில் அவளும், கடற்கரைத் தெரு இஞ்ஞாசியின் மனைவி ஞானபாயும் உட்கார்ந்தார்கள். நான் நடுவில் ஆண்களோடு இருந்தேன். டிரைவர் காசிலிங்கம், கண்டக்டர் செபாஸ்டின்.

குளத்தூரில் பிரேக் இன்ஸ்பெக்டரும் அவருடைய டவாலிச் சேவகனும் ஏறினார்கள். அவருடைய காருக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை என்று சேவகன் சொன்னான். இன்ஸ்பெக்டர் முன்பலகையைப் பார்த்து, "இதுகள பின்னால போகச் சொல்லு" என்றார். செபாஸ்டின், பின்னால் மூட்டை கிடக்கிறது, அங்கே பொம்பளைகள் உட்கார முடியாது என்று சொன்னான். அவர், "மூட்டைய மேல ஏத்து" என்றார். அதன்படி மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றினார்கள். என் மனைவியும் ஞானபாயும் எழுந்து கடைசிப் பலகைக்குப் போனார்கள். குளத்தூரில் ஏறிய இசக்கியம்மாள் என்ற பெண்ணும் வேறு இடமில்லாமல் அவர்களோடு போய் உட்கார்ந்தாள்.

வண்டி புறப்பட்ட பிறகு என் மனைவி பெட்டியைத் திறந்து பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாள். ஞானபாய் வாங்கித் தின்றாள். இசக்கியம்மாள் வாங்கவில்லை. "இன்னைக்குச் சோமவாரம்லா, பொழுது அடையந்தன்னியும் பச்சத்தண்ணி கூட பல்லுல படக்கூடாது" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அதன் பிறகு என் மனைவி ஆண்கள் பக்கமும் கொடுத்தனுப்பினாள். நான் தின்றேன். பெரிய உத்தியோகஸ்தர் வண்டியில் இருக்கும்போது அவருக்குக் கொடுக்காமல் தின்னக் கூடாது என்று செபாஸ்டின் கையில் இரண்டைக் கொடுத்து முன்னால் அனுப்பினாள். அவளை எழுப்பிவிட்ட ஆள் அவர்தான். அதை அவள் மனதில் வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டையும் தின்றுவிட்டு, இன்னும் உண்டா என்று கேட்டார். மறுபடியும் கொடுத்தனுப்பினாள்.

அதன் பிறகு மழை பிடித்தது. வாடைக்காற்றும் சேர்ந்து அடித்ததால் இரண்டு பக்கத்துப் படுதாக்களையும் இறக்கிக் கட்டினார்கள். பின்பலகைக்குப் பக்கத்தில் இருந்த படுதாவை மட்டும் செபாஸ்டின் சுருட்டி விட்டிருந்தான். அதன் வழியாகக் காற்று வந்து முன்னால் அடிக்கிறது, அதையும் இறக்கு என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். இறக்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஞானபாய் எழுந்து நின்று, "அய்யா, இந்தப் படுதாவக் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லுங்க. புகை நெஞ்ச அடைக்கி. மழயில நனைஞ்சா நாங்க நனைஞ்சிட்டுப் போறோம்" என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்காமல், "ஆகலேன்னா எறக்கிவிடு. நடந்து வரட்டும்" என்றார். மழையில் வெளியே தண்ணீரும் உடைமரமும் தவிர ஒன்றும் கிடையாது. ஞானபாய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து படுதாவைத் தூக்கப் போனேன். செபாஸ்டின் என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, எம் பொழப்புல மண்ணப் போட்டுராதிய. தருவைகுளம் விலக்குல அவரு எறங்கிருவாரு, அப்பொறம் தூக்கிவிடுதேன்" என்றான். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் தருவைகுளம் விலக்கில் இறங்கவில்லை.

அதன் பிறகு நான் திரும்பிப் பார்த்தபோது மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஞானபாய் என் மனைவியின் தோளிலும், என் மனைவி தகரத்திலும் சாய்ந்திருந்தார்கள். இசக்கியம்மாள் மடியில் தலை கவிழ்ந்திருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மூன்று தலைகளும் ஒன்றாக ஆடின. நின்றுகொண்டிருந்த ஒருவர், "பொம்பளைய ஒறக்கத்தப் பாருங்கய்யா, கும்பகர்ணனுக்குக் கூடப் பொறந்தவளுவ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செபாஸ்டின் டிக்கெட்டுக்காக என் மனைவியை எழுப்பப் போனான். நான், "அவள எழுப்பாத. நேத்து முச்சூடும் அடுப்புல வெந்திருக்கா. நான் குடுக்கேன்" என்று சொல்லித் தடுத்தேன். கலியாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஓர் உறக்கம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் முதலில் இன்ஸ்பெக்டர் இறங்கினார். மற்றவர்கள் இறங்கிய பிறகு நான் பின்னால் போய், "ஏளா, ஊரு வந்துட்டு, எந்திரி" என்று என் மனைவியைத் தொட்டேன். அவள் அப்படியே பலகைமேல் சரிந்தாள். அவள் முகம் நன்றாகச் சிவந்து, தலைமுழுகிவிட்டு வந்தவள் போல் இருந்தது. அதனால் அவள் செத்துப்போனாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அவள் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். ஞானபாயும் அதே நிறத்தில் இருந்தாள். இசக்கியம்மாளுக்கு மட்டும் மூச்சு இருந்தது. வாயில் நுரை வந்தது.

நானும் செபாஸ்டினும் அவர்களைத் தூக்கி ஸ்டாண்டின் சிமெண்டுத் தரையில் கிடத்தினோம். கூட்டம் கூடியது. சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து பார்த்தார். அவர் பீப்பாயையும் தகரத்தையும் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் பின்பக்கம் போனார். அதன் பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, "வண்டிய நிறுத்தி வைக்காதே, திரும்புற டிரிப்புக்கு எடு" என்றார். வேம்பார் போகிற ஆட்கள் என் மனைவியின் காலைத் தாண்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இல்லாததால் ஒரு மாட்டுவண்டியில் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். இசக்கியம்மாள் பிழைத்தாள். ஆனால் இன்றுவரை அவளுக்குப் பேச்சு நிலையில்லை. ஒன்றைக் கேட்டால் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு தலையைத் தேய்க்கிறாள். அவளிடம் வாக்குமூலம் வாங்க முடியாது என்று போலீசார் எழுதிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும், "பஸ்ஸ மூடியா ஓட்டினாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் அதே டாக்டரிடம் கேட்டபோது, குடலைச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது, பதில் வரும்வரை தான் எதுவும் சொல்ல முடியாது என்றார். பதில் இதுவரை வரவில்லை.

டாக்டரிடம் கேட்ட அந்த மறுநாள் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் என்னை விசாரித்தார். வண்டியில் இருந்த எல்லாரும் அதே புகையைத்தானே குடித்தார்கள், இவர்கள் மட்டும் எப்படிச் சாவார்கள் என்று கேட்டார். அவர்களைப் புகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொன்னேன். அவர் வண்டியில் வரவே இல்லை என்றார். அதன் பிறகு ஓலைப்பெட்டியைக் காட்டி, "இத யாரு செஞ்சா?" என்று கேட்டார். என் மனைவி என்றேன். அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் அது ஒன்றுதான் எழுதப்பட்டது. அதன் பிறகு என்னை லாக்கப்பில் வைத்தார்கள். என் மனைவிக்குக் கொள்ளி வைக்க விடவில்லை. வன்னியபெருமாள் மணவறைக்குக் கட்டிய வேட்டியோடு கொள்ளி வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்கிறேன்: முந்திரிக்கொத்தில் கொஞ்சம் சென்னைக்கு அனுப்பினார்கள். மிச்சம் பெட்டியோடு ஸ்டேஷன் மேஜைமேல் இருந்தது. லாக்கப்பிலிருந்து பார்த்தால் அது எனக்குத் தெரியும். நான் ஜாமீனில் வெளியே வந்த அன்று பெட்டி காலியாக இருந்தது. யார் தின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் லாக்கப்பில் இருந்தபோது இஞ்ஞாசி கம்பிக்கு வெளியே வந்து நின்று, "ஏலே, ஒம் பொண்டாட்டி கையால குடுத்ததத் தின்னுதானலே எம் பொண்டாட்டி செத்தா. ஒம் மவளும் அப்படியே சாவணும்" என்று சொல்லி என்மேல் துப்பினான். போலீசார் அவனிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஊரிலும் அதுவே பரவியிருந்தது. என் மகள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க இப்போது ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளை விஷக்காரி மகள் என்று கூப்பிடுகிறார்கள். அம்மை எதில் விஷம் வைத்தாள் என்று என்னிடமே கேட்டாள்.

டிரைவர் காசிலிங்கத்தைப் போய்ப் பார்த்து, உண்மையைச் சொல்லும்படி கேட்டேன். அவர், "அவரு வண்டில வரலேன்னுதான் நான் சொல்லணுமாம். என் லைசென்ஸ் அவரு கையில இருக்கு. எனக்கு அஞ்சு பிள்ளைய, அண்ணாச்சி. செத்தவளுக்கு இனி என்ன வரப்போவுது?" என்றார். அவர் அழுதார். ஆனால் இந்தக் கோர்ட்டில், இன்ஸ்பெக்டர் வரவில்லை என்றுதான் சாட்சி சொன்னார். கண்டக்டர் செபாஸ்டின் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

பொங்கல் முடிந்த பிறகு இஞ்ஞாசி என் கடைக்கு வந்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவன் மூட்டைமேல் உட்கார்ந்தான். அதன் பிறகு, "பின்னால உள்ள படுதாவ அறுத்துட்டாவ, அண்ணாச்சி. தகரத்தயும் மாத்திட்டாவ. நம்ம வண்டி மட்டுமில்ல, திருச்செந்தூர் வண்டி, எட்டயபுரம் வண்டி, அம்புட்டுலயும் அறுத்திருக்காவ. மேல இருந்து உத்தரவாம்" என்றான். "பண்டத்துலதான் வெசம்னா படுதாவ எதுக்கு அறுக்கணும்?" என்று அவனே கேட்டான். அதன் பிறகு என் மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அவனைச் சாட்சியாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் கேட்டதையே நானும் இந்தக் கோர்ட்டில் கேட்கிறேன். என்மேல் வழக்கு நடக்கும்போதே சர்க்கார் அந்தப் படுதாக்களை அறுத்திருக்கிறது. காரணம் தெரிந்துதான் அறுத்திருக்கிறார்கள். வழக்கை மட்டும் எடுக்கவில்லை.

இன்று இங்கே வருவதற்கும் எனக்கு அந்த ஒரு பஸ்தான் உண்டு. பின்பலகையில் இப்போது பெண்களை உட்காரவைக்கிறார்கள். வழியில் தூறல் விழுந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி நனைந்துகொண்டே, படுதாவை அறுத்த கை விளங்காமல் போகட்டும் என்று வைதாள். ஏன் அறுத்தார்கள் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. என் துண்டைக் குழந்தைமேல் போட்டுவிட்டு, நனையட்டும் தாயி, அப்படியே இரு என்று சொன்னேன்.

மேற்படி வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் பிரேக் இன்ஸ்பெக்டரை ஒவ்வொரு இடத்திலும் பெயர் சொல்லித்தான் சொன்னேன். எழுதியதில் ஓரிடத்திலும் பெயர் இல்லை. கேட்டதற்கு, அவர் இந்த வழக்கில் எதிரியும் அல்ல, சாட்சியும் அல்ல, அதனால் பெயர் எழுதுவதற்கில்லை; வேண்டுமானால் தனியாக மனுக் கொடுத்து வேறொரு நாள் வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. வருகிறேன் என்று சொன்னேன்.

அந்தப் பெயர் விடுபட்டது நீங்கலாக, மேலே கண்ட யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன. அவை உண்மை.

(ஒப்பம்) சு. மந்திரமூர்த்தி