இரைச்சலை நீக்கும் போன்

கான்ஃபரன்ஸ் போன் வாங்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, அது மேசைக்கு எடுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. நான் அப்படிப்பட்டவன் அல்ல. கடை கடையாக ஏறி இறங்கினேன். கையேடுகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். எங்கள் கம்பெனியில் கையேடு படிக்கிற ஒரே ஆள் நான்தான்.

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. அலுவலகம் நகரத்தில், தொழிற்சாலை வெகு தூரத்தில். திங்கட்கிழமைதோறும் இங்கிருந்து நாங்களும் அங்கிருந்து சூப்பர்வைசரும் போனில் பேசி வார வேலையை முடிவு செய்வோம். கம்பெனியைத் தொடங்கியவர் என் அக்காவின் கணவர். எனக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். அத்தான் நல்லவர். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அவருக்குக் குரல் போய்விட்டது. பேச்சில் காற்றுதான் மிச்சம். குரலோடு மதிப்பும் போய்விடும் என்று நான் நினைத்தது தப்புக்கணக்கு. அவர் வாயைத் திறந்தாலே அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாரோ எழுந்து ஃபேனை நிறுத்துவார்கள். கணக்காளர் இருமலை விழுங்குவார். எனக்கு வெண்கலத் தொண்டை. நான் பேசும்போது அவர்கள் கைபேசியை நோண்டுவார்கள்.

பழைய போன் பழுதானபோது, புதியதை நானே பார்க்கிறேன் என்றேன். அத்தானையும் கடைக்குக் கூட்டிப் போனேன். அவர் குரலை வைத்துத்தானே சோதிக்க வேண்டும்? விற்பனையாளர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். முதல் போனில் அத்தான் பேசியது ஓர் எழுத்து விடாமல் கேட்டது. இரண்டாவதிலும் பேசினார். நான் பக்கத்து அறைக்குப் போனேன்.

"ஐயா இன்னும் பேச ஆரம்பிக்கலையா சார்?" என்றார் விற்பனையாளர்.

"பேசி முடிச்சிட்டாரு."

அவர் முகம் சுருங்கியது. "அப்போ இது வேணாம் சார். இது இரைச்சலை வடிகட்டுற மாடல். ஃபேன் சத்தம், பேப்பர் சத்தம் எதையும் அந்தப் பக்கம் அனுப்பாது. ஐயா குரலையும் அதோட சேத்துருச்சு."

நான் அத்தானிடம் திரும்பி வந்து, "ரெண்டாவதுல கணீர்னு கேக்குதாம் அத்தான்" என்றேன்.

"நெஜமாவா மச்சான்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நோயாளியின் சந்தோஷத்தைக் கெடுக்கலாமா? அதையே வாங்கினேன்.

அதன் பிறகு கூட்டங்கள் சட்டுப்புட்டென்று முடிந்தன. அத்தான் பேசுவார். மறுமுனையில் மௌனம். பிறகு சூப்பர்வைசர், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்பார். நான் இருப்பேன். தொழிற்சாலைக்காரர்களே பெரியவரைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று கணக்காளர் புரிந்துகொண்டார். பிறகு அவரும் போட்டுக்கொள்ளவில்லை. ஃபேன் பாட்டுக்கு ஓடியது. இருமல்கூடத் திரும்பி வந்துவிட்டது.

"நான் என்ன தப்பு பண்ணேன் மச்சான்? பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க. ஒரு நடை நேர்ல போய்ட்டு வரட்டுமா?"

"அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல அத்தான்."

டாக்டர் சொன்னது உண்மைதான். அடுத்த திங்கட்கிழமை கணக்காளர் லீவு. நாங்கள் இருவர் மட்டும். பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. "இன்னைக்கே பாய்லரைப் போட்டுருங்க, சரக்கு நாளைக்குக் கிளம்பணும்" என்றேன். அத்தான் போன்மேல் கவிழ்ந்தார்.

"சேஃப்டி வால்வை மாத்தாம போடாதீங்க. போன தடவையே சிக்கிக்கிச்சு."

"சரிங்க சார், அப்படியே பண்ணிடறோம்" என்றார் சூப்பர்வைசர்.

அத்தான் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். புது போன் வந்ததிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பதில். "கேட்டியா மச்சான்? சரிங்கறாங்க."

"ஆமா அத்தான்."

மதியம் பாய்லர் வெடித்தது. சூப்பர்வைசரும், பக்கத்தில் பசை கலக்கிக்கொண்டிருந்த பெண்களும் போய்விட்டார்கள். போன் பேசும்போது சூப்பர்வைசரோடு நின்ற மெஷின்காரர் மட்டும் பிழைத்தார். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர் போலீஸ் விசாரணையில் உங்களிடம் சத்தியம் செய்தார். "நான் சொன்னேன்" என்று அத்தானும் சொன்னார். நீங்கள் நம்பவில்லை. அக்காவே நம்பவில்லை; ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அழுதாள். நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

செய்தியைப் பார்த்துவிட்டு அந்த விற்பனையாளர் உங்களைத் தேடி வந்தாராம். வியாபாரத்தைப் பார்க்க வேண்டிய மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

நான் யார் வாயையும் பொத்தவில்லை. வால்வைப் பற்றி அத்தான் சொன்னாரா என்றுதானே கேட்கிறீர்கள்? சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது. சொல்லப்போனால், இத்தனை நாளும் அவர் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.