வேலைக்குரலுக்கு விடுமுறை தந்த புஸ்பம் அம்மைக்கு

வாவிக்கரையின் வாட்டங்களுக்கெல்லாம் செவி வழங்கியவரே! கரடியனாற்று ஊர் எங்களுக்குத் தந்த கனிவே! கலங்கி வந்தவரைக் கைத்தாங்கலாய் நடத்தி அனுப்பியவரே! எங்கள் உளவளத்துணை நிலையத்தின் தலைவி, திருமதி புஸ்பம் இராசதுரை அம்மையே! அன்பும் பணிவும் நிறைந்த வணக்கம்.

போரும் கடற்கோளும் வெள்ளமும் விட்டுச்சென்ற துயரங்களை ஆண்டாண்டாய் ஒரு மரக்கதிரையில் அமர்ந்து கேட்டீர்கள். அதைப் பாராட்ட ஊரே உண்டு. நாங்கள் பாராட்ட வந்தது வேறொன்றை. கேட்பவர்களையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமென்று முதலில் நினைத்தவர் நீங்கள். மாதத்தின் கடைசி வியாழன் பின்னேரம் கதவைச் சாத்தி, உளவளத்துணையாளர்களாகிய எங்களுக்கென்றே களிமண்ணும் வர்ணமும் மேளமுமாக ஒரு கலைக்கூடலைத் தொடங்கினீர்கள். அங்கே விதி ஒன்றே: வேலைக்குரல் கூடாது.

சபையோருக்குச் சொல்கிறோம். தலையை மெல்லச் சாய்த்து, "அது உங்களுக்குப் பாரமாயிருக்கு, என்ன?" என்று நாளெல்லாம் நாங்கள் கேட்கும் குரலே வேலைக்குரல். வீட்டுக்குப் போனாலும் அது தொண்டையை விட்டு இறங்காது. கறியில் உப்பில்லை என்ற கணவரிடம் அதே குரலில் பேசி வாங்கிக் கட்டியவர்களும் எங்களில் உண்டு. கூடலில் அக்குரல் எடுத்தவர், யன்னலடியில் நின்று மீன்காரர் போலக் கூவ வேண்டும். அதுவே தண்டனை.

சென்ற ஆண்டு ஒரு வியாழன். ஏறாவூரிலிருந்து வந்து எங்களோடு பணியாற்றும் ஷாகிரா சில கிழமைகளாகவே உள்ளுக்குள் ஓய்ந்திருந்தார். பகலில் கேட்ட கதைகள் சோற்றுக் கோப்பைக்குள்ளும் வந்து நின்றன. வேலையை விடுவதென்று முடிவெடுத்துவிட்டார். சொல்லத்தான் வாய் வரவில்லை. அன்று களிமண்ணில் அவர் செய்தது ஒரு காது. ஆள் இல்லை, முகம் இல்லை, வெறும் காது.

நாங்கள் விடுவோமா!

"இந்தக் காது உங்களுக்கு என்ன சொல்லுது?" என்று எங்களில் ஒருவரான மதுஷன் தொடங்கினார். "எப்ப இருந்து அப்பிடி உணர்றீங்க?" என்றார் தனுஷா. ஷாகிரா எழுந்து போய்விட எண்ணிக் கைப்பையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து நீங்களுமா அம்மையே, தலையைச் சாய்த்து, "ஷாகிரா, உங்கட மனசில இப்ப..." என்று தொடங்குவது!

"மிஸ்! வேலைக்குரல்!"

கத்தியவர் ஷாகிராவேதான்.

நீங்கள் மறுக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி யன்னலடிக்குப் போனீர்கள். "மீனோ மீன்! உடன் மீன்! இறாலோ இறால்!" வீதியில் சைக்கிளில் போன பெண்ணொருத்தி காலை ஊன்றி நின்று, "என்ன மீன் கா இரிக்கி?" என்றாள். "எல்லாம் முடிஞ்சி மகள், நாளைக்கு வாகா!" என்றீர்கள்.

ஷாகிரா சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது அழுகையாயிற்று. "எனக்கு இனி ஏலா மிஸ். ஆரு வாயத் திறந்தாலும் பயமாரிக்கி. வேலைய விடப்போறன்."

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை, ஆராயவும் இல்லை. "சரி கா. நாளையிலருந்து உங்களிட்டக் கதைக்க வாற ஆக்கள என்னட்ட அனுப்புங்க. ரெண்டு மாசம் நல்லா நித்திர கொள்ளுங்க. மறுகா யோசிப்பம்."

"மிஸ், எனக்கும் ரெண்டு மாசம்..." என்றார் மதுஷன்.

"உனக்குக் களிமண் சட்டி கழுவுற வேல இரிக்கி, எழும்பு!"

அந்த இரண்டு மாதமும் இருவரின் வேலையைச் சுமந்து, பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டு முச்சக்கரவண்டியில் வீடு திரும்பினீர்கள். ஷாகிரா உறங்கினார். ஒருநாள் வேலியடியில் அயல்வீட்டுப் பெண் மருமகளைப் பற்றி ஒரு பாடு குறை சொன்னாள். முழுவதும் கேட்டு முடித்தபோது ஷாகிராவுக்குப் பசித்தது. உள்ளே வந்து வயிறாரச் சாப்பிட்டார்; எந்தக் கதையும் கோப்பைக்குள் வரவில்லை. அடுத்த திங்கள் எங்கள் வாசலில் அவருடைய ஸ்கூட்டி நின்றது. அதைக் கண்டதும் நாங்கள் விட்ட பெருமூச்சு வாவியின் அக்கரைக்கும் கேட்டிருக்கும்!

இப்போது நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். கூடல் அறைப் பூட்டின் திறப்பை யாரிடம் தருவதென்று நீங்கள் கேட்டபோது, ஷாகிரா கையை நீட்டினார்.

"தாங்க மிஸ். நீங்க வாற நேரம் கதவத் துறந்து விட ஆள் வேணுமே."

திறப்பைக் கொடுத்துவிட்டு, அன்றுதான் முதன்முறையாக எங்கள் முன்னால் அழுதீர்கள். யாரும் காரணம் கேட்கவில்லை.

அன்னையே! நோயின்றி, நெடுங்காலம், விரும்பிய கதைகளை மட்டும் கேட்டு, விரும்பிய நேரம் உறங்கி, நிறைவோடு வாழ்வீர்களாக!

உங்கள் அன்பில் இளைப்பாறிய
துணையாளர்களும் ஊழியர்களும்,
மட்டக்களப்பு.