இருபத்தி நாலாவது அறை

— இருநூறு பவுண்டு, கில்லியன். உன் பெருச்சாளி கம்ப்யூட்டர் கேம் மூணாம் பாகத்துல கடைசி அறையை முதல்ல முடிக்கிறவருக்கு இருநூறு பவுண்டுன்னு கேசட் அட்டையில போட்டிருக்கு. எங்க?

— உக்காருங்க ஸ்டான்லி மாமா. டீ போடுறேன்.

— நிக்கிறேன். சொல்லு பாப்போம்.

— கம்பெனியைக் கேளுங்க. நான் கேம் எழுதிக் குடுக்கிறவ, அவ்வளவுதான். நாலாம் பாகம் ரெண்டு மணிக்குள்ள லீட்ஸ்ல கம்பெனிக்குப் போய்ச் சேரணும், பாதி இன்னும் ஓடவே மாட்டேங்குது…

— முதல் பாகம் வந்தப்ப சுரங்கத்துல பாதிப் பேரு விளையாடினோம். மண்ணத் தோண்டு, வைரத்தை எடு, பாறை விழுறதுக்குள்ள ஓடு. பகல் பூரா செஞ்ச வேலைய வீட்டுக்கு வந்தும் செய்யுதே இந்த மனுசன்னு எம்பொண்டாட்டி சிரிச்சா. ரெண்டாம் பாகத்துல தண்ணி வந்துச்சு. அதுவும் நல்லாருந்துச்சு. இப்ப சுரங்கத்தையே மூடிட்டான். மூணாம் பாகத்துல ஆறு வாரம் போயிருச்சு.

— கடைசி அறையிலயா?

— இருபத்தி நாலு. ஒரு பாறை விடாம கட்டத்தாள்ல வரைஞ்சாச்சு. இந்தா.

— இவ்வளவு சுத்தமா யாரு மாமா வரைஞ்சது?

— பேச்சை மாத்தாத. இதுல கதவு எங்க?

— கஷ்டமான அறை அது.

— உங்கப்பா எங்களுக்கு மேஸ்திரி. வெளிய வர ரெண்டு வழி இல்லாத எடத்துக்கு ஒரு ஆளையும் அனுப்ப மாட்டேன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொன்னவரு. அவரு மக நீ எத்தனை வழி வச்ச? சொல்லு பாப்போம்.

— இல்ல.

— என்ன இல்ல?

— வழியே இல்ல மாமா, போதுமா? பரிசு குடுக்கக் காசில்ல, யாராலயும் முடிக்க முடியாத மாதிரி அடைச்சிருன்னு கம்பெனில சொன்னாங்க. அடைச்சேன். யாராவது பரிசு கேட்டு எழுதிருவாங்களோன்னு அன்னைலருந்து தபால்காரரைக் கண்டாலே உள்ள ஓடிடுறேன். இருங்க, நானே மாசம் அம்பதா செக் தரேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. மூணு வருசமா பேசல. இது தெரிஞ்சா எப்பவுமே பேச மாட்டாரு.

— செக்கை உள்ள வை. நான் அஞ்சாவது அறையையே தாண்டல.

— அப்ப இந்தத் தாளு?

— உன் கம்ப்யூட்டரைப் பொம்மைப் பெட்டின்னு திட்டினாரே உங்கப்பா, அவரு வரைஞ்சது. எங்க வீட்டுல உக்காந்துதான். அடைச்சிருக்குய்யா, விடுன்னு நான் ரெண்டாம் நாளே சொல்லிட்டேன். எம்பொண்ணு வழி வைக்காம இருக்க மாட்டான்னு ஆறு வாரம் தேடினாரு. அவ வாயால உண்மை வந்தா இருநூறையும் கணக்குலருந்து அடிச்சிருன்னாரு. அடிச்சாச்சு. எந்திரி, போய்க் கதவைத் திற. மழையில நிக்கிறாரு மனுசன்.